ஒருவருக்காக எத்தனை பேர்?



கடந்த நவம்பர் 15ஆம் தேதி நம் வாலிபர் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்புகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை வேறு. எல்லாருக்கும் லீவு. காலையிலிருந்து ஒரே பேச்சு: ஜடேஜாவைக் கொடுத்துவிட்டார்கள்!

கிரிக்கெட் பார்க்காத அம்மாமார்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்தின் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. சஞ்சுவின் சம்பளம் 18 கோடி ரூபாய், அது அப்படியே வந்தது. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியது. கரனுக்கு 2 கோடியே 40 லட்சம். இதற்கு டிரேடு என்று பெயர். ஏலத்துக்குப் போகாமல் இரண்டு அணிகள் தங்களுக்குள் பேசி ஆட்களை மாற்றிக்கொள்வது.

அன்று முழுவதும் நம் தம்பிமார் இரண்டு கட்சியாக நின்று அடித்துக்கொண்டார்கள். "தோனிக்கு அப்புறம் கீப்பர் வேண்டாமா?" என்று ஒரு கட்சி. "அதுக்காக ஜட்டுவையா கொடுக்கிறது?" என்று மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆனால் எங்கள் மனதில் தங்கியது மூன்றாவதாக ஒரு தங்கை போட்ட ஒரு வரிதான். "சாம் கரனைப் பற்றி யாருமே பேசலையே?" என்று கேட்டிருந்தாள். அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. இந்த மாதம் அவள் கேட்டதை வைத்துத்தான் எழுதுகிறோம்.

முதலில் ஜடேஜா. 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு சென்னை அவரை எடுத்தது. அணி தடையில் இருந்த 2016, 2017 இரண்டு வருடங்களைக் கழித்தால் 12 சீசன்கள் மஞ்சள் சட்டையில் ஆடியிருக்கிறார். 2023 இறுதிப் போட்டி ஞாபகம் இருக்கும். அகமதாபாத்தில் மழையால் ஆட்டம் தள்ளிப்போய், இங்கே அல் ஐனில் நள்ளிரவு ஆகியிருந்தது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. தோனி அவரைத் தூக்கிக்கொண்டு நின்ற படம் இன்னும் பல பேருடைய போனில் இருக்கிறது. (நைட் டியூட்டியில் இருந்த எங்களுக்கு அந்தச் செய்தி வந்த விதமே தனி. வார்டில் போன் பார்க்கக் கூடாது. ஆனால் தூங்காமல் இருந்த நோயாளி ஒருவர் படுக்கையிலிருந்தே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.)

எங்களுக்கு ஜடேஜா மேல் கொஞ்சம் கூடுதல் பாசம் உண்டு. அவருடைய அம்மா ஜாம்நகரில் நர்ஸ். அப்பா ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் வாட்ச்மேன். 2005இல் அம்மா ஒரு விபத்தில் இறந்தபோது அவருக்கு 16 வயது. சகோதரி நைனாவும் நர்ஸ்தான். ஒரு நர்ஸ் சம்பளத்தில் ஒரு பையனின் கிரிக்கெட் கிட் எப்படி வந்திருக்கும் என்று நாங்கள் யோசித்துப் பார்ப்பதுண்டு.

சஞ்சுவும் லேசுப்பட்டவர் இல்லை. திருவனந்தபுரத்துக் கடற்கரைப் பையன். நம் நாகர்கோவில்காரர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அப்பா டெல்லி போலீஸில் இருந்தவர், கால்பந்து ஆட்டக்காரர். மகன்களின் கிரிக்கெட்டுக்காக அந்த வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு கேரளாவுக்குக் குடும்பத்தோடு திரும்பினார். போலீஸ் வேலையை விடுவது என்றால் என்ன என்று சம்பளத்தை நம்பி வாழும் நமக்குத் தெரியும்.

சென்னை ஏன் இதைச் செய்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 2025 சீசனில் அணி பத்தாவது இடம், அதாவது கடைசி. அது அவர்களுக்கு முதல் தடவை. தோனிக்கு அப்போது வயது 44. அடுத்து விக்கெட்டுக்குப் பின்னால் யார் நிற்பது என்ற கேள்வி வருடக்கணக்காகத் தள்ளிப் போடப்பட்டு வந்தது. அவசரம் வந்த வீட்டில் எதையும் கொடுத்து ஒன்றை வாங்கத் தோன்றும்.

அப்படி எல்லாவற்றையும் கொடுத்து ஒருவரை வாங்குவது அமெரிக்காவில் ஒரு வழக்கமாகவே இருக்கிறது. அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. அணி தாக்கி ஆடும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது எல்லாம் அவர் முடிவு. நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணி தேறாது என்பது அங்கே பாலபாடம்.

அங்கே ஐ.பி.எல். போல ஏலம் கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை ஒவ்வொரு ஏப்ரலிலும் 32 அணிகள் முறை வைத்து எடுக்கின்றன. ஏழு சுற்று. போன வருடம் கடைசியில் நின்ற அணிக்கு முதல் முறை. நலிந்தவன் தேறட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த முறையை இன்னொரு அணிக்குக் கொடுக்கலாம். இந்த வருட முறையை மட்டுமல்ல, அடுத்த வருடத்தையும் அதற்கடுத்த வருடத்தையும் கொடுக்கலாம். இன்னும் பள்ளி, கல்லூரியில் இருக்கிற, பெயர்கூடத் தெரியாத பையன்களைக் கொடுத்து இன்று ஒருவனை வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

2012இல் வாஷிங்டன் அணி அப்படித்தான் ராபர்ட் கிரிஃபின் என்ற இளைஞனை எடுத்தது. அவர்களுக்கு அந்த வருடம் இருந்தது ஆறாவது முறை. இரண்டாவது முறை வேண்டும் என்று, அந்த ஆறாவதோடு இரண்டாம் சுற்று முறையையும், 2013, 2014 இரண்டு வருடங்களின் முதல் சுற்று முறைகளையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள். முதல் வருடம் கிரிஃபின் பிரமாதமாக ஆடினார். தாக்குதல் ஆட்டத்தில் அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் வாங்கினார். டிசம்பரில் முழங்காலில் அடிபட்டது. அந்தக் காலோடு 2013 ஜனவரியில் முக்கியமான ஆட்டத்தில் இறங்கினார். நொண்டிக்கொண்டே ஆடினார். கடைசியில் லிகமென்ட் கிழிந்து ஆபரேஷன். நர்ஸுகளாக அந்த வீடியோவைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அந்தக் காலை அன்று நடுவிலேயே உட்கார வைத்திருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு கொடுத்து வாங்கிய ஒருவரை உட்கார வைக்க யாருக்கு மனசு வரும்? அவருக்கேகூட உட்கார மனசு வந்திருக்காது.

அதன்பின் நடந்த ஒரு காட்சிதான் எங்களுக்குப் பெரிது. 2014 டிசம்பர் 7ஆம் தேதி ராம்ஸ் அணி வாஷிங்டனுக்கே ஆட வந்தது. டாஸ் போட கேப்டனாக ஒருவரை அனுப்பாமல், அந்த டிரேடால் தங்களுக்குக் கிடைத்த ஆறு ஆட்டக்காரர்களை வரிசையாக மைதானத்தின் நடுவுக்கு அனுப்பினார் அவர்களுடைய பயிற்சியாளர். நீங்கள் ஒருவனுக்காகக் கொடுத்தது இவர்களை, பாருங்கள் என்பது போல. அன்று துவக்கத்தில் ஆடவும் கிரிஃபினுக்கு இடம் இல்லை. ராம்ஸ் 24-0 என்று ஜெயித்தது.

கேலிதான் அது, நல்ல கேலியும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு ராம்ஸும் அந்த வருடங்களில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனாலும் கொடுக்கப்பட்டவர்களுக்கு முகம் உண்டு, பெயர் உண்டு என்று யாரோ ஒருவர் வரிசையில் நிறுத்திக் காட்டினார் அல்லவா, அது எங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

எல்லா முறையும் இப்படி முடியும் என்றில்லை. 2017இல் கேன்சஸ் சிட்டி அணி 27ஆவது முறையிலிருந்து 10ஆவது முறைக்கு ஏற, அடுத்த வருட முதல் சுற்றையும் சேர்த்துக் கொடுத்து பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. முதல் வருடம் ஏறக்குறைய முழுவதும் அவரை வெளியே உட்கார வைத்து, மூத்தவர் ஆடுவதைப் பார்க்க வைத்தார்கள். பிறகு மூன்று சூப்பர் பவுல் பட்டங்கள். மறுபக்கம் சான் பிரான்சிஸ்கோ அணி 2021இல் மூன்று வருட முதல் சுற்று முறைகளைக் கொடுத்து ட்ரே லான்ஸ் என்பவரை எடுத்தது. அவருக்குக் கணுக்கால் முறிந்தது. 2022 டிராஃப்டில் 262 பேரில் 262ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்ட ப்ராக் பர்டி அந்த இடத்தில் இறங்கி, 2024 பிப்ரவரியில் அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அங்கே அவரைத் தோற்கடித்தது மஹோம்ஸ்தான் என்பது வேறு கதை.

நம் ஊர் கதையும் ஒன்று இருக்கிறது. அதே 2024இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் நம் அல் ஐன் கிளப் முதலில் ரொனால்டோவின் அல் நஸரை வெளியேற்றியது. அடுத்து, உலகத்துப் பணத்தையெல்லாம் கொட்டிக் கட்டிய அல் ஹிலால் அணியை அனுப்பியது. அல் ஹிலாலுக்கு எதிராக மூன்று கோல் போட்ட சுஃபியான் ரஹீமியின் அப்பா, மொராக்கோவில் ராஜா கிளப்பில் ஆட்டக்காரர்களின் சட்டைகளையும் ஷூக்களையும் பார்த்துக்கொண்டவர். மே 25ஆம் தேதி ராத்திரி ஹஸ்ஸா பின் சாயித் ஸ்டேடியத்தில் கோப்பையை வாங்கியபோது நம் தெருக்களில் கேட்ட ஹாரன் சத்தத்தை யாரும் மறந்திருக்க முடியாது.

ஆக, விலை கொடுத்து வாங்கினால் ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம். அந்தக் கணக்கை விளையாட்டு பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்களுக்கு வேறு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஐ.பி.எல். விதிப்படி ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் அவரை டிரேடு செய்ய முடியாது. ஜடேஜாவைக் கேட்டுத்தான் அனுப்பினார்கள். சம்பளம் குறையும் என்பதும் தெரிந்தே அவர் போனார். சாம் கரனையும் கேட்டார்கள். 2023 சீசனுக்காக பஞ்சாப் அணி 18 கோடியே 50 லட்சம் கொடுத்து வாங்கிய மனிதர் அவர். அன்றைக்கு அதுதான் ஐ.பி.எல். வரலாற்றிலேயே அதிக விலை. இரண்டு வருடத்தில் 2 கோடியே 40 லட்சமாகி, இன்னொருவருடைய டிரேடில் 'கூட ஒருவர்' ஆகிவிட்டார். ஆனால் அவரும் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது வேதத்துக்கு வருவோம். 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். சாமுவேலுக்கு வயதாகிவிட்டது. அவருடைய பிள்ளைகள் சரியில்லை. மூப்பர்கள் கூடிவந்து, எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்கிறார்கள். மற்ற ஜாதிகளுக்கெல்லாம் இருக்கிறதே! எங்களுக்கு முன்பாகப் போய் யுத்தம் பண்ண ஒருவர் வேண்டும்! குவார்ட்டர்பேக் கேட்பது போலத்தான். சாமுவேலுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஆண்டவர் சொன்னபடி அவர் செய்த வேலை என்ன தெரியுமா? விலைப்பட்டியலை வாசித்துக் காட்டினார். உங்கள் குமாரர் ரதங்களுக்கும் குதிரைகளுக்கும் போவார்கள், ராஜாவின் நிலத்தை உழுவார்கள், ஆயுதம் செய்வார்கள். உங்கள் குமாரத்திகள் அரண்மனையில் தைலம் செய்யவும் சமைக்கவும் அப்பம் சுடவும் போவார்கள். நல்ல வயல், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு போகும். விளைச்சலில் பத்தில் ஒன்று, ஆட்டில் பத்தில் ஒன்று.

இந்தப் பட்டியலைச் சின்ன வயதிலிருந்து பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ராஜா கேட்டது தவறு என்பதற்காகவே எப்போதும் சொல்வார்கள். எங்களுக்கு அதில் இன்னொன்று படுகிறது. கேட்கிறவர்கள் மூப்பர்கள். கொடுக்கப்படப் போகிறவர்கள் குமாரரும் குமாரத்திகளும். அந்தக் கூட்டத்தில் அவர்கள் இருந்ததாக அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ராமாவில் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அப்பம் சுடப் போகிற பெண்ணுக்கு அது எப்போது தெரிந்ததோ!

எங்களோடு ஒரே ஃபிளாட்டில் பல வருடம் இருந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவர்களே வேண்டாம் என்றார்கள். கன்னியாகுமரி மாவட்டம். பி.எஸ்.சி. நர்சிங் முடித்து 23 வயதில் வளைகுடாவுக்கு வந்தவர்கள். முதல் நாலு வருடம் தம்பியின் இன்ஜினியரிங் காலேஜ். தம்பி நன்றாகப் படிக்கிறவன், குடும்பத்தில் அவன் தலையெடுத்தால் எல்லாரும் தலையெடுப்பார்கள் என்று வீட்டில் முடிவு. அடுத்து அவன் வெளிநாட்டில் மேற்படிப்பு. அதற்கு இவர்கள் பெயரில் இங்கே பாங்க் லோன்.

இங்கே பாங்க் லோன் எப்படி என்று உங்கள் அப்பாக்களைக் கேளுங்கள். சென்ட்ரல் பாங்க் விதிப்படி சம்பளத்தைப் போல 20 மடங்குவரை வாங்கலாம், 48 மாதத்துக்குள் அடைக்க வேண்டும். மாதத் தவணை சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நாலு வருடத்துச் சம்பளத்தில் பாதி இன்றைக்கே கையை விட்டுப் போகிறது. வாஷிங்டன் அணி வருகிற வருடங்களின் முறைகளைக் கொடுத்ததற்கும் இதற்கும் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த நாலு வருடத்தில் வேலை மாற யோசிக்க வேண்டும், ஊருக்குத் திரும்ப யோசிக்க வேண்டும், கல்யாணப் பேச்சு வந்தால் லோன் பேச்சும் கூட வரும். அக்காவுக்கு இரண்டு லோன்.

தம்பி இன்று நல்ல நிலையில் இருக்கிறான். வீடு கட்டியாயிற்று. டிரேடு ஜெயித்துவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். அக்கா ஒரு நாளும் முறையிட்டதில்லை. ஒரே ஒரு தடவை, டியூட்டி முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருக்கும்போது எங்களிடம் சொன்னார்கள்: "கேட்டிருந்தா தந்திருப்பேன் மக்களே. கேக்காமலே எடுத்தாச்சு."

எம்.எஸ்.சி. நர்சிங் படிக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை இருந்தது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது. மறைத்ததாலா? இல்லை. யாரும் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான். ஐ.பி.எல். ஆட்டக்காரருக்குக் கிடைத்த அந்த ஒரு கேள்வி, "உனக்குச் சம்மதமா?" என்பது, ஜெபம் பண்ணுகிற ஒரு குடும்பத்தில் ஒரு மகளுக்குக் கிடைக்கவில்லை.

இதில் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் எழுதவில்லை. இங்கே வந்து கஷ்டப்படுகிற ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் தங்களைத்தான் முதலில் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் பாட்டி சாகும்போது பக்கத்தில் இல்லாதவர்கள், பிள்ளை முதல் அடி வைத்ததை வீடியோ காலில் பார்த்தவர்கள் நம் சபையில் எத்தனை பேர்! தங்களைக் கொடுத்துப் பழகினவர்களுக்கு, தங்கள் பிள்ளைகளில் ஒருவரையும் அதே கணக்கில் சேர்த்துக் கொடுப்பது பெரிதாகத் தோன்றாமல் போகலாம். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆதியாகமத்தில் இதற்கு ஒரு இடம் உண்டு. கானானில் பஞ்சம். தானியம் வாங்க பென்யமீனை எகிப்துக்குக் கூட்டிப் போக வேண்டும். யாக்கோபு அனுப்ப மாட்டேன் என்கிறார். மூத்தவன் ரூபன் முன்வந்து, நான் பென்யமீனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு குமாரரையும் கொன்றுபோடும் என்கிறான். 42ஆம் அதிகாரம். கேட்க வீரமாக இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு பையன்களும் அந்தப் பேச்சு நடக்கும்போது எங்கே விளையாடிக்கொண்டிருந்தார்களோ! யாக்கோபு அதை ஏற்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் யூதா வருகிறான். நானே உத்தரவாதம், என் கையில் கேளும் என்கிறான். யாக்கோபு அனுப்பிவிடுகிறார். முன்பு யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்கு விற்கலாம் என்று யோசனை சொன்னவனும் இதே யூதாதான் என்பதை ஞாபகம் வைத்து வாசித்தால், அந்த இரண்டு அதிகாரமும் வேறு மாதிரி இருக்கும். சகோதரனைக் கொடுத்துப் பணம் வாங்கியவன், கடைசியில் சகோதரனுக்காகத் தன்னைக் கொடுக்க முன்வந்து நிற்கிறான்.

வாங்கப்பட்டவருடைய நிலைமையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்களில் சிலர் அந்த இடத்தில் இருக்கிறீர்கள். அக்காவின் சம்பளமோ, அப்பாவின் ஓவர்டைமோ, அம்மாவின் வளையலோ உங்கள் கோச்சிங் ஃபீஸாக மாறியிருக்கிறது. மே மாதம் நெருங்க நெருங்க, பிளஸ் டூ பிள்ளைகள் வயிற்றுவலி, தலைசுற்றல், தூக்கமில்லை என்று வந்து உட்காருவதை எங்களைப் போன்றவர்கள் பார்க்கிறோம். பி.பி. பார்த்தால் சரியாக இருக்கும். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும். வெளியே அம்மா இல்லாத நேரத்தில் மெதுவாகச் சொல்லுவார்கள், "எனக்காக எல்லாரும் இவ்வளவு செலவு பண்ணிட்டாங்க சிஸ்டர்" என்று. ராஜாவாகத் தெரிந்தெடுக்கப்பட்ட அன்று சவுல் எங்கே இருந்தான்? தேடினார்கள், கிடைக்கவில்லை. தளவாடங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருந்தான். ஜனங்கள் அவனை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள், எல்லாரையும்விட உயரமாக இருந்தான் என்று சந்தோஷப்பட்டார்கள். ஏன் ஒளிந்தாய் என்று கேட்டதாக அங்கே எழுதியில்லை.

தம்பி, தங்கை, உங்களுக்கும் அப்படி ஒளிந்துகொள்ளத் தோன்றினால் அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். போதகரிடம் சொல்லலாம், வாலிபர் தலைவரிடம் சொல்லலாம், எங்கள் நர்ஸ் அக்காமார் யாரிடமும் சொல்லலாம். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் அணி நஷ்டப்படும் என்று நினைத்துக்கொண்டு ஆடாதீர்கள். கிரிஃபினுடைய கதையை அதற்காகத்தான் அவ்வளவு நீட்டிச் சொன்னோம்.

டிசம்பர் 16ஆம் தேதி நம் பக்கத்து அபுதாபியிலேயே, யாஸ் தீவில், ஐ.பி.எல். ஏலம் நடந்தது. ஜடேஜா போன இடத்துக்கு சென்னை ஒரு பையனை வாங்கியது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பிரசாந்த் வீர், ஜடேஜாவைப் போலவே இடது கைச் சுழல், கூடவே பேட்டிங். அடிப்படை விலை 30 லட்சம். முடிந்தது 14 கோடியே 20 லட்சத்தில். ஜடேஜாவுக்கு ராஜஸ்தானில் இப்போது கிடைக்கிற தொகையைவிட 20 லட்சம் கூட. அதே தொகைக்கு ராஜஸ்தானைச் சேர்ந்த 19 வயது கார்த்திக் சர்மாவையும் எடுத்தார்கள். இந்திய அணிக்கு இன்னும் ஆடாத ஒருவருக்கு ஐ.பி.எல்.லில் அதுவரை யாரும் இவ்வளவு கொடுத்ததில்லை. பிரசாந்துக்கு வயது 20. நம் வாலிபர் குழுவின் கிதார் வாசிக்கிற தம்பியின் வயது. சேப்பாக்கத்தில் முதல் நாள் அவன் கையில் பந்து வரும்போது முப்பதாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து ஜடேஜாவை நினைத்துக்கொண்டிருப்பார்கள். கேட்ச் விட்டால் அவனைத் திட்டி நம் குழுவில் மீம் போடப் போகிற தம்பிமார், தயவுசெய்து ஒரு ஓவர் பொறுத்துப் போடுங்கள்.

அடுத்த மாத வாலிபர் கூடுகை பெற்றோரோடு சேர்த்து நடக்கிறது. 1 சாமுவேல் 8ஐ இரண்டு குழுவாக வாசிக்கப் போகிறோம். மூப்பர்களின் வசனங்களைப் பிள்ளைகள் வாசிப்பார்கள், சாமுவேலின் பட்டியலைப் பெற்றோர் வாசிப்பார்கள். அதன்பின் ஒவ்வொரு குடும்பமும் தனியாக உட்கார இருபது நிமிடம் கொடுக்கப்படும். ஒரு தாளும் பேனாவும் இருக்கும். நம் வீட்டில் யாருடைய படிப்புக்கு, யாருடைய கல்யாணத்துக்கு, எந்த வீட்டுக்கு, யார் என்ன கொடுத்தார்கள் என்று பெயர் போட்டு எழுதலாம். ஊரில் இருக்கிற சித்தியின் பெயரும் பெரியப்பாவின் பெயரும் அதில் வரட்டும். தாளை யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள். டீயும் சமோசாவும் ஆறரை மணிக்கு. நைட் டியூட்டிக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்கெல்லாம் கிளம்பலாம், வண்டி ஏற்பாடு இருக்கிறது.